பீம் தாங்கும், ஆனா புரளுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணியிருந்தான். பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுக் கட்டுறாங்களாம். கரையான் தின்ன உத்தரத்தை எடுத்துட்டு இரும்பு ஐ பீம் போட்டு, மேலே மர ட்ரஸ், ரீப்பர், அதே பழைய ஓடு. "அண்ணா, இந்த பீம் தாங்குமா?"ன்னு கேட்டான்.

தாங்கும். ஆனா கேக்க வேண்டியது அது மட்டும் இல்லை.

பிளாஸ்டிக் ஸ்கேல் ஒண்ணைச் செங்குத்தா நிறுத்தி நடுவில அழுத்திப் பாருங்க. கீழே வளையறதுக்கு முன்னாடி பக்கவாட்டில திருகிக்கும். ஐ பீமும் அப்படித்தான். பாரம் ஏறினா மேல் பட்டை அழுத்தப்படும், பக்கவாட்டில தப்பிக்கப் பார்க்கும். பிடிப்பு இல்லாத நீள பீம், பிடிப்பு இருக்கறதைவிட ரொம்பக் குறைஞ்ச பாரத்திலயே புரண்டுடும்.

"அதான் ட்ரஸ் மேலேயே உக்காந்திருக்கே, பிடிக்காதா?"ன்னான். சும்மா உக்காந்தா பிடிக்காது தம்பி. பீம் மேல மரப்பட்டியலை போல்ட் போட்டு, ட்ரஸை அதோட கிளிப் வச்சு இறுக்கணும். அதுவும் போதாது. இங்கே கனடாவில ட்ரஸ் மேல பிளைவுட் அடிச்சிடறதால கூரையே ஒரே தகடு மாதிரி விறைப்பா நிக்கும். நம்ம ஓடு ரீப்பர்ல சும்மா தொத்திக்கிட்டிருக்கு. பீம் சாஞ்சா எல்லா ட்ரஸும் சேர்ந்தே சாயும். நாலு குடிகாரங்க ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்ச கதைதான். அதனால ட்ரஸ்களுக்குக் குறுக்கே மூலைவிட்டக் கட்டை அடிச்சு, அதைச் சுவரோட கட்டணும். பீமோட ரெண்டு முனையும் திருகாம இறுக்கணும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உங்களுக்குத் தெரியும். குமுளி, மறையூர்ப் பக்கம் ஓட்டுக்குப் பதிலா தகர ஷீட் போடறவங்க இன்னும் கவனமா இருக்கணும். ஷீட் எடை கம்மி. காத்து கூரையைத் தூக்கினா பீமோட கீழ் பட்டை அழுத்தத்துக்கு வரும். அதை அங்கே யாரும் பிடிச்சிருக்க மாட்டாங்க.

வான்கூவர் பக்கத்துல பர்னபியில 1988 ஏப்ரல் 23 அன்னிக்கு, திறப்பு நாளிலேயே ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்தும் மேல்தளம் சரிஞ்சுது. தூண் மேல பீமோட கீழ் பட்டைக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை, பீமும் சின்னது. முன்னாடியே சத்தம் கேட்டு ஆட்களை வெளியேத்தினதால உயிர்ச்சேதம் இல்லை. கூரையை நாட்டுக்கு நாடு வேற மாதிரி போட்டாலும் இரும்போட குணம் ஒண்ணுதான்.

நம்ம ஐ.எஸ். 800 : 2007 விதி கேக்கறதும் பெரிசில்லை. அழுத்தப்படற பட்டையில வர்ற விசையில 2.5 சதவீதத்தைத் தாங்கற பக்கவாட்டுப் பிடிப்பு. நாலு ஆங்கிள், கொஞ்சம் போல்ட்.

நாம இங்கேயிருந்து கிரானைட்டுக்கும் கேட்டுக்கும் பணம் அனுப்பறோம். இஞ்சினியர்கிட்ட ஒரு வரைபடம் வாங்கச் சொன்னா மட்டும் வெட்டிச்செலவுங்கறோம். அடுத்த தடவை ஊருக்குப் பேசும்போது இதைக் கேளுங்க: பீமை எது பிடிச்சிருக்கு? அதை எது பிடிச்சிருக்கு? பதில் சுவர் வரைக்கும் போய் நிக்கணும். நடுவில எங்கேயாவது நின்னா, வேலையை நிறுத்தச் சொல்லுங்க.