அண்டை ஊர்களின் ஒத்துழைப்பு

அடையாறு எல்லைக் கல்லைப் பார்த்து ஓடுவதில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரைச் சேர்த்துக்கொண்டு, கிராமப் பஞ்சாயத்துக்களையும் நகரங்களையும் கடந்து, சென்னையின் வழியே அது கடலிற் கலக்கிறது. 2015-ஆம் வருஷம் டிஸம்பரில் அது கரை புரண்டபொழுது, மேலே முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. கீழே சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. எந்தத் தெரு எந்த ஸ்தாபனத்தின் ஆட்சிக்கு உட்பட்டதென்று வெள்ளம் விசாரிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் எல்லைக்குள் வாய்க்கால் வெட்டி, நீரை அடுத்த ஊர்மேல் தள்ளிவிட்டால் தன் கடமை தீர்ந்ததென்று கருதுமாயின், ஒருவராலும் ஓர் ஆற்றைக் காக்க இயலாது.

அண்டை ஸ்தல ஸ்தாபனங்கள் ஒத்துழைக்க வேண்டுமென்பதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும் காரியத்தில் அது ஏன் நடைபெறுவதில்லை? அங்கத்தினருக்கு நல்லெண்ணம் போதாது என்று சிலர் சொல்லுகிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தடை மனத்திலே இல்லை, ஏற்பாட்டிலே இருக்கிறது.

முதல் தடை, செலவு ஓரூரிலும் பலன் மற்றோர் ஊரிலும் இருப்பது. மேலூர்ப் பஞ்சாயத்து தன் குளத்தைத் தூர் வாரி நீரைத் தேக்கினால் கீழூர் பிழைக்கிறது. ஆனால் மேலூரில் வரி கொடுப்போர், ‘நமது பணத்தால் நமக்கு என்ன நன்மை?’ என்று கேட்பார்கள். அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்ல முடியாத தலைவர் மறு தேர்தலில் நிற்கத் துணியமாட்டார்.

இரண்டாவது தடை பயம். சென்னைக் கார்ப்பொரேஷன் 2011-ஆம் வருஷத்தில் சுற்றிலுமிருந்த 42 ஸ்தல ஸ்தாபனங்களைத் தன்னுட் சேர்த்துக்கொண்டு, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக வளர்ந்தது. அதற்கு முன்பே, தன் எல்லைக்கு வெளியேயிருந்த பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலே, அது தன் குப்பையை மலைபோற் குவித்து வந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான். இவற்றைக் கண்ட சிற்றூரார், பெருநகரம் நட்புக் கரம் நீட்டும்போது, அது தழுவவா, விழுங்கவா என்று சந்தேகிப்பதில் வியப்பென்ன? நகரத்தோடு இணைந்தால் வரி உயரும். கிராமத்தாருக்கென்று ஏற்பட்ட வேலையுறுதியும் போய்விடும். இணைப்பு என்பது ஒத்துழைப்பு ஆகாது. ஒத்துழைப்பதற்கு இருவர் வேண்டும். இணைப்பிலோ ஒருவரே எஞ்சுகிறார்.

மூன்றாவது அபாயத்தையும் மறைத்தலாகாது. பல ஸ்தாபனங்கள் கூடி ஒரு கூட்டுச் சபையை அமைத்தால், அது எவருக்கும் பொறுப்பில்லாத சபையாய்ப் போய்விடக்கூடும். வேலை கெட்டால் ஒவ்வொரு ஸ்தாபனமும் மற்றதன்மீது பழி சுமத்தும். வாக்காளருக்குத் தண்டிக்க ஆள் அகப்படாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அதிகாரம் முழுதும் உத்தியோகஸ்தரிடம் சென்று சேரும்.

பிரான்ஸ் தேசத்தைப் பார்ப்போம். அங்கே சிற்றூர்கள் தம் தனித்தன்மையை இழக்காமலே பொதுக்காரியங்களுக்குச் சங்கம் சேர, 1890-ஆம் வருஷத்திலேயே சட்டம் வழி செய்தது. அப்படியிருந்தும், பிற்காலத்தில் விரிவடைந்த கூட்டுச் சபைகளில் தமது பிரதிநிதிகள் யாரென்று வாக்காளர் அறியாத குறை நெடுங்காலம் நீடித்தது. 2014-ஆம் வருஷத் தேர்தலிலேதான், 1,000 பேரும் அதற்கு மேலும் வாழும் ஊர்களில், அப்பிரதிநிதிகளின் பெயர்கள் வாக்குச் சீட்டிலேயே குறிக்கப்பட்டன.

நமது தேசத்திலும் சட்டம் இல்லாமலில்லை. 1993-ஆம் வருஷத்தில் அமலுக்கு வந்த அரசியல் சாஸனத்தின் 74-ஆவது திருத்தம், பத்து லக்ஷம் ஜனங்களுக்கு மேற்பட்ட பெருநகரப் பிரதேசங்களில் திட்டக் கமிட்டி அமைக்க வேண்டுமென்கிறது. நகர சபைகளுக்கும் பஞ்சாயத்துக்களுக்கும் பொதுவான விஷயங்களை, தண்ணீர்ப் பங்கீடு உள்பட, அது கவனிக்க வேண்டும். அதன் அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர், ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தமக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்தவர்களாயிருக்க வேண்டும். ஆனால் பெருநகரங்கள் பலவற்றில் இவ்வேற்பாடு ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

ஆகவே, மூன்று நிபந்தனைகளை நாம் வற்புறுத்துகிறோம். யார் எவ்வளவு செலவு ஏற்பது என்பதை முன்னதாகவே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்; பலன் பெறும் கீழூர் மேலூருக்குப் பங்கு செலுத்த வேண்டும். குப்பைக் கிடங்கு போன்ற சுமையை ஓர் ஊரில் வைப்பதானால், அவ்வூர்ச் சபையின் சம்மதமின்றி வைக்கலாகாது. கூட்டுக் காரியங்களின் கணக்கு, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு சபையிலும் வருஷந்தோறும் பகிரங்கமாகப் படிக்கப்பட வேண்டும்.

ஸ்தல ஸுயாட்சி என்பது வேலிக்குள் ஒதுங்கும் உரிமையன்று. அயலூராரோடு சரிசமமாய் அமர்ந்து பேசும் உரிமையாகும். வாக்குக் கேட்டு வருவோரிடம் நம் தொண்டர்கள், ‘எங்கள் தெருவுக்கு என்ன செய்வீர்?’ என்பதோடு நில்லாமல், ‘அடுத்த ஊரோடு என்ன ஒப்பந்தம் செய்வீர்?’ என்றும் கேட்பார்களாக. அடுத்த வெள்ளம் வருமுன் இதற்கு விடை கிடைத்தாக வேண்டும்.