வெண்ணெய் திரளாததற்கு யார் கண்?

மாரண்டஹள்ளிப் பக்கத்தில் மத்தும் கயிறுமாய்த் தயிர் கடைந்த பாட்டிமார்களைக் கேளுங்கள். வெண்ணெய் திரளாவிட்டால் மார்கழியில் சிறிது வெந்நீரும், சித்திரையில் குளிர்ந்த நீரும் விட்டதாகச் சொல்லுவார்கள். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கொழுப்புத் துளிகள் குளிரில் இறுகி ஒட்டமாட்டா; சூட்டில் உருகி மோரிலேயே நின்றுவிடும். பசும்பாலில் 100க்குச் சுமார் 4 பங்கும், எருமைப்பாலில் சுமார் 7 பங்குமே கொழுப்பு. இருப்பதுதானே திரளும்?

இவ்வளவு அறிந்த கையே, வெண்ணெய் குறைந்த அன்று மிளகாய் சுற்றிப் போடுகின்றது! வாசலில் நின்ற விதவையின் கண் பட்டுவிட்டதாம்! விளக்கு வைத்தபின் மோர் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாளென்று, கஞ்சிக்கு மோர் கேட்டு வந்த கூலிக்காரியை வெறுங்கையோடு அனுப்புகின்றார்கள். அதே மோர் புளித்துப்போய் மறுநாள் சாக்கடைக்குப் போனால் மட்டும் லட்சுமி போகமாட்டாளா என்று கேட்கின்றோம்.

இன்று மிக்சியில் கடைகிறவர்கள் ஐஸ் கட்டி போடுகின்றார்கள், வெண்ணெய் திரளுகின்றது. கண்ணேறு ஐஸ் கட்டிக்குப் பயந்தா ஓடிற்று?

தாய்மார்களே! அண்டை வீட்டாருக்கு மோரைச் சும்மா கொடுத்தது நல்ல வழக்கம். அதை அந்தியிலும் செய்யுங்கள். திரண்ட வெண்ணெயின் புகழைச் சாமிக்கும், திரளாததன் பழியை விதவைக்கும் கொடுக்காதீர்கள். புகழ் உங்கள் கைக்கே உரியது. பழி ஒருவருக்கும் உரியதன்று.