நீரின்றிப் பூக்கும் பிரமதண்டு

கோடை முற்றிவிட்டால் நம் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் தோட்டம் என்ற பேச்சையே எடுக்க இயலாது. காற்றில் உப்பு, பல தெருக்களில் நிலத்தடி நீரிலும் உப்பு. லாரித் தண்ணீரைக் குடங்களில் பிடித்து வைக்கும் இல்லத்தரசி அதனைப் பூச்செடிக்கு வார்ப்பாரா? ஆகவே, இருப்புப்பாதை ஓரத்திலும் குப்பை மேட்டிலும் ஒருவரும் நீர் ஊற்றாமலே மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் முட்செடியைக் கண்டு, 'இதனை வீட்டில் வளர்த்தால் என்ன?' என்று எண்ணத் தோன்றுவது இயல்பே.

அச்செடி பிரமதண்டு. கசகசாச் செடியின் குடும்பத்தைச் சார்ந்தது; மெக்சிகோ நாட்டுப் பக்கமிருந்து வந்து உலகெங்கும் பரவியது. அழகில் குறை சொல்வதற்கில்லை. பட்டுத்தாள் போன்ற இதழ்கள், வெண்ணரம்போடிய இலைகள், ஒடித்தால் மஞ்சள் நிறப் பால். முள்ளுக்கு அஞ்சி ஆடுகளும் வாய் வைப்பதில்லை. குடியோட்டிப் பூண்டு என்றும் இதற்கு ஒரு பெயருண்டு. காரணமின்றியா அப்பெயர் இட்டிருப்பார்கள்!

தீங்கு முக்கியமாக விதையில் இருக்கிறது. காய் முதிர்ந்து வெடித்தால் சிதறும் கரிய விதைகள், பார்வைக்குக் கடுகேதான். 1998-ஆம் ஆண்டு தில்லியில் இவ்விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது, இதயம் தளர்ந்தது. சாங்குயினரின் என்னும் நச்சுப்பொருளே இதற்கு முதன்மைக் காரணம். நாம் நல்லெண்ணெயில் சமைப்பவர்கள், நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். சொப்பு வைத்து விளையாடும் நம் சிறுமியர் 'தாளிப்பதற்கு' எதைத் தேடுவார்கள்? கடுகைப் போன்ற விதை கையருகே கிடந்தால் அதைத்தானே! வடநாட்டிலிருந்து நம் பகுதிக்குத் தொழிலுக்கு வந்து, கடுகெண்ணெயில் சமைக்கும் அண்டை வீட்டாருக்கும் சில்லறை எண்ணெயைத் தவிர்க்குமாறு சொல்லி வைப்பது நல்லது.

எனவே, குழந்தைகள் உள்ள இல்லத்தில் பிரமதண்டு வேண்டாம். தானாக முளைத்திருந்தால், காய் பிடிக்குமுன்னரே கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு, மண்வெட்டியால் வேரோடு அகற்றிவிடுங்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு. அது மருத்துவர் பார்க்க வேண்டிய வேலை. கேள்விப்பட்ட பக்குவத்தை வீட்டில் செய்து பார்த்தல் ஆகாது.

பூ வேண்டுமெனில் டேபிள் ரோஸ் இருக்கிறது. சதைப்பற்றுள்ள அதன் இலைகளே நீரைச் சேமித்துக்கொள்ளும். விரல் நீளத் தண்டைக் கிள்ளி, அடியில் துளையிட்ட பழைய டப்பாவில் மணலும் மண்ணும் சமமாகக் கலந்து நட்டு, நல்ல வெயிலில் வையுங்கள். வேர் பிடித்தபின், அரிசி களைந்த நீரை மண் காய்ந்தபோது மட்டும் வார்த்தால் போதும்.