நட்டத்துக்குப் பங்காளி, ஆதாயத்துக்கு அந்நியன்

தோல்விக்கு அஞ்சாமையே தமது பலம் என்று பல மேடைகளிற் கூறிவரும் செல்வர் ஒருவர் அமெரிக்காவில் உளர். வினோத் கொஸ்லா என்பது அவர் பெயர். 1976 இல் டெல்லி இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்திற் பட்டம் பெற்று, தாய்நாட்டிலேயே சோயாப்பால் வியாபாரம் தொடங்க முனைந்து தோற்றவர். கடல் கடந்து சென்று 1982 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கணினிக் கம்பனியை நண்பர் மூவருடன் நிறுவி வென்றவர். 2004 இல் தம் பெயராலேயே முதலீட்டு நிறுவனம் ஒன்றை அமைத்து, புகையற்ற எரிபொருளிலும் மின்கலத்திலும் பெரும் பொருளை இட்டார்.

பத்து முயற்சிகளுக்குப் பணம் கொடுத்து, ஒன்பது அழியினும் ஒன்று நூறு மடங்காய்த் திரும்பும் என்று காத்திருப்பதே இத்தொழிலின் இயல்பு. அவர் பணம், அவர் துணிவு. அதில் நாம் குறை காண்பதற்கில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு உலகம் விலக வேண்டுமாயின், இத்தகைய துணிவுடையார் வேண்டும் என்பதே எமது எண்ணம். ஆனால் அந்தப் பந்தயத்தில் குடிமக்களின் வரிப்பணமும் வைக்கப்பட்டது. எமது வினா அங்கேதான் எழுகின்றது.

ஜோர்ஜியா மாநிலத்துச் சோப்பர்ற்றன் என்னும் ஊரில், மரத்துண்டுகளிலிருந்து எரிசாராயம் வடிக்க ரேஞ்ச் பியூவல்ஸ் என்னும் கம்பனியைக் கொஸ்லா ஆதரித்தார். மத்திய அரசு 2007 இல் 7.6 கோடி டொலர் வரை மானியம் வாக்களித்தது. பின்னர் 8 கோடி டொலர் கடனுக்கு உத்தரவாதமும் நின்றது. 2011 இல் ஆலை மூடப்பட்டது. 2012 இல் அதனை 51 இலட்சம் டொலருக்கு வாங்கியது யார்? கொஸ்லாவின் நிறுவனம் முதலிட்டிருந்த லான்சாடெக் என்னும் மற்றொரு கம்பனி! இதிற் சட்டமீறல் ஏதும் உண்டென்று நாம் கூறவில்லை. உத்தரவாதம் நின்றவன் கைக்கு வந்தது என்ன என்று மட்டுமே கேட்கின்றோம்.

மிசிசிப்பியின் கதை இதனினும் பெரிது. பைன் மரத்தூளைப் பெற்றோலாகவும் டீசலாகவும் மாற்றுவதாகக் கூறிய கியோர் கம்பனிக்கு, ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், அம்மாநிலம் 2010 இல் 7.5 கோடி டொலரை வட்டியில்லாக் கடனாக வழங்கியது. 2011 யூனில் கம்பனி பங்குச்சந்தைக்கு வந்து 15 கோடி டொலர் திரட்டியது. கொலம்பஸ் நகரத்து ஆலையோ சொன்ன அளவை ஒருநாளும் எட்டவில்லை. 2014 நவெம்பரில் கம்பனி வங்குரோத்தடைந்தது. அடுத்த யனவரியில் மாநிலம் மோசடி எனக் குற்றஞ்சாட்டி வழக்கிட்டது. குற்றச்சாட்டு தீர்ப்பாகாது, கொஸ்லா தரப்பு அதனை மறுத்தது. அவரும் இம்முயற்சியிற் பெருந்தொகை இழந்தார் என்பதையும் மறைத்தல் நீதியன்று.

வயலை வாரத்துக்கு விட்டவன் விளைச்சலிற் பங்கு பெறுவான். மழை பொய்த்தால் நட்டத்திலும் பங்கு கொள்வான். வட்டிக்குக் கொடுத்தவன் வட்டி பெறுவான். மிசிசிப்பி மாநிலம் இவ்விருவரில் யார்? கியோர் வென்றிருந்தால் அதற்குத் திரும்பியிருப்பது முதல் மட்டுமே. தோற்றபோது முதலும் போயிற்று. ஒன்பது தோல்வியைத் தாங்கும் பலம் முதலீட்டாளருக்கு வருவது பத்தாவதின் பங்கினால். அந்தப் பத்தாவது இல்லாத அரசு ஒன்பதில் மட்டும் கூட்டாளியாவது எந்த நியாயம்?

அரசு பங்கு கேட்டால் முயற்சியாளர் ஓடிவிடுவர் என்பார் உளர். 2010 இல் டெஸ்லா மோட்டார்க் கம்பனி மத்திய அரசிடம் 46.5 கோடி டொலர் கடன் பெற்றபோது, சுமார் 30 இலட்சம் பங்குகளைக் குறைந்த விலைக்கு வாங்கும் உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்தது, ஓடிவிடவில்லை. ஆயின் கடனை முன்கூட்டித் தீர்த்தால் அவ்வுரிமை அற்றுப்போகும் என்ற வாசகமும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. 2013 மே மாதத்தில், பங்கின் விலை ஏறத் தொடங்கிய வேளையில், கம்பனி கடன் முழுவதையும் வட்டியோடு செலுத்தித் தீர்த்தது.