இடுப்பு வலியா? அருவிக்குப் போகுமுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க!

தென்காசி,-

சாரல் விழுந்துவிட்டால் போதும், குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ்காரர்களைச் சுற்றிக் கூட்டம்! முதுகை நல்லா உருவிவிடச் சொல்லி, பேரருவியில் போய் நிற்கிறார்கள். "தண்ணி தட்டுற தட்டுல வலி பறந்துரும்ல!" என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு.

மூட்டை தூக்கி வந்த வலி என்றால் பறக்கலாம். எலும்பையே அரிக்கும் வலி என்றால்?

'மைலோமா' என்று ஒரு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா அணுக்கள் கெட்டுப்போய்ப் பெருகும். எலும்பு உளுத்துப்போகும். குனிந்து குடத்தை எடுத்தாலே முதுகெலும்பு நொறுங்கிவிடும். அந்த முதுகில் ஏறி மிதித்தால் என்ன ஆகும்?

மளிகை வியாபாரி

இது புது நோய் அல்ல. 1844-ல் லண்டன் மளிகை வியாபாரி மெக்பீன் ஒரு குகையிலிருந்து தாவி வெளியேறியபோது, நெஞ்சுக்குள் 'படக்' என்று முறிந்ததுபோல் இருந்தது. மார்பில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். 1846 ஜனவரி 1-ந் தேதி இறந்துபோனார். இந்தி நடிகை கிரோன் கெருக்கு 2020 நவம்பரில் கை முறிந்தது. பரிசோதித்தபோதுதான் இதே நோய் என்று தெரிந்தது.

கத்திக்குப் பயமா?

"முதுகுல கத்தி வெச்சா கால் விளங்காது" என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். நொறுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்டு செலுத்தும் முறை 1984-ல் பிரான்சில் தொடங்கியது. பலூன் வைத்து எலும்பைத் தூக்கிவிட்டுச் சிமெண்டு நிரப்புவதும் உண்டு. புற்றுநோயாளிகள் 134 பேரிடம் நடந்த இந்தப் பலூன் சிகிச்சை ஆய்வு 2011-ல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களுக்கு ஒரே மாதத்தில் வலி நன்றாகக் குறைந்தது.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. பலருக்கு மருந்தும் கதிர்வீச்சும் போதும். ஆபரேஷன் செய்தாலும் நோய்க்கு மருந்தை நிறுத்தக் கூடாது. சிமெண்டு எலும்பைத் தாங்கும், புற்றைக் கொல்லாது!

ஆனால் கால் மரத்தாலோ, தள்ளாடினாலோ, சிறுநீர் போவது தெரியாவிட்டாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரி! தாமதித்தால் கால் போனது போனதுதான்.

சீட்டு எழுதுங்கள்!

50 வயது தாண்டியவர். ஒரு மாதமாக விடாத முதுகு வலி. கூடவே சோகை, அசதி. இவருக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தால், ஏற்கெனவே இந்த நோய் தாக்கும் சிறுநீரகம் மேலும் கெடும்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் வந்தால் மட்டும் போதாது. இப்படிப்பட்டவர் வந்தால் மாத்திரையோடு ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் சீட்டு எழுதுவது அரசு ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக வேண்டும். சந்தேகம் இருந்தால் உடனே நெல்லை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும்.

மசாஜ் தொழிலாளர்களும் ஒரு வார்த்தை கேட்கலாம்: "எத்தனை நாளா வலி, அண்ணாச்சி? டாக்டரைப் பாத்தீகளா?"

அருவி எங்கேயும் ஓடிப்போகாது. அடுத்த சாரலுக்கும் விழும். அதில் நிற்க முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டாமா?