பீரோவில் கிடக்கும் லென்ஸை எடைக்குப் போடாதீர்கள்

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தார். பழைய பேப்பர்காரரின் தராசில் அலுமினியப் பாத்திரங்களோடு ஒரு ஜெனித் கேமராவும் ஏறுவதை மாடியிலிருந்து பார்த்தேன். கத்திக்கொண்டே படியிறங்கி வருவதற்குள் வண்டி பனைமரத்தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டது. எழுபத்தைந்து வயதில் படி இறங்குவதும் ஒரு வேலைதான். அந்த ஆத்திரத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேமராவை இன்று யாரும் உபயோகிக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். பிலிம் விலை என்ன, கழுவ ஆள் எங்கே? ஆனால் கேமரா வேறு, அதன் முன்னால் திருகியிருக்கும் லென்ஸ் வேறு. இதைத்தான் நம் ஆட்கள் யோசிப்பதில்லை. கேமரா செத்துப்போனாலும் கண்ணாடி சாவதில்லை.

என்னிடம் இருப்பதும் ஒரு ஜெனித்தின் லென்ஸ்தான். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், 1979-ல் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஜெனித்-இ. அதில் வந்தது ஹீலியோஸ் 44-2 என்ற 58 மில்லிமீட்டர் லென்ஸ். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளைப் போட்டு, முப்பத்தாறு படத்தை ஆறு மாதம் எடுப்பார். பொங்கலுக்குப் போட்ட சுருள் ஆடி மாதம்தான் வெளியே வரும். 2009-ல் அவர் காலமான பிறகு அக்கா அதைத் தோல் உறையோடு பீரோவில் வைத்து, பூச்சி வராமல் இருக்க இரண்டு அந்துருண்டையும் போட்டுப் பூட்டிவிட்டாள். பத்து வருஷம் கழித்து என் கையில் கொடுத்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. வளையத்தைத் திருப்ப முடியவில்லை. உள்ளே இருந்த கிரீஸ் பிசினாகிவிட்டது.

ராயபுரத்துக் கடல் காற்றுக்கு இது அதிசயம் இல்லை. ஜன்னல் கம்பியையே மூன்று வருஷத்தில் தின்கிற காற்று. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய பீரோவில் காற்றோட்டம் கிடையாது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அந்துருண்டை பூச்சிக்கு, பூஞ்சைக்கு அல்ல. முதலில் காட்டிய கடையில் "தூக்கிப் போடுங்க சார், புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். பிறகு ஒரு பழைய மெக்கானிக், என் வயதுக்காரர், பிரித்துச் சுத்தம் செய்து, புது கிரீஸ் போட்டு அறுநூறு ரூபாய் வாங்கினார். கண்ணாடியின் ஒரு ஓரத்தில் பூஞ்சை பூச்சை அரித்த தழும்பு மட்டும் போகவில்லை. சூரியனுக்கு நேரே பிடித்தால் ஒழிய படத்தில் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த லென்ஸைப் புது டிஜிட்டல் கேமராவில் எப்படி மாட்டுவது? பழைய ஜெனித், பென்டாக்ஸ், பிராக்டிகா கேமராக்களில் லென்ஸைத் திருகித்தான் மாட்ட வேண்டும். அந்த மரைக்கு எம் 42 என்று பெயர். லென்ஸின் அடிப்பகுதிக்கும் பிலிமுக்கும் நடுவே 45.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. நடுவில் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் எகிற வேண்டுமே, அதற்கான இடம். இப்போது வரும் மிரர்லெஸ் கேமராக்களில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனியில் இந்தத் தூரம் 18 மில்லிமீட்டர்தான். பாக்கி இருப்பது இருபத்தேழரை மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு ஓர் அலுமினிய வளையம் போட்டால் கணக்கு நேராகிவிடும். உள்ளே கண்ணாடியும் இல்லை, மின்சாரமும் இல்லை, வெறும் வளையம். பழைய நிக்கான் எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் இதில் ஏமாற வேண்டாம். அதில் தூரம் 46.5. லென்ஸை உள்ளே தள்ளவா முடியும்? தூரத்துக் கப்பல் தெளியாது.

என் மருமகன் கழித்துவிட்ட சோனி ஏ6000-ல் மாட்டினேன். முதல் நாள் பட்டனை அழுத்தினால் படமே எடுக்கவில்லை. லென்ஸ் இல்லை என்று அடம் பிடித்தது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் எடுக்கலாம்' என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டுமாம். முப்பத்தாறு வருஷம் எழுத்தராகக் குப்பை கொட்டியவனுக்கு, அனுமதி இல்லாமல் கோப்பு நகராது என்பது புரியாதா?

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். லென்ஸுக்கு அந்த மொழியில் 'ஒப்ஜெக்திஃப்' என்பார்கள். குறிக்கோளுக்கும் அதே சொல்தான். போகஸ் செய்வதற்கு 'மீஸ் ஓ புவேன்'. பத்திரிகையில் ஒரு செய்தி தவறாக வந்துவிட்டால் சம்பந்தப்பட்டவர் வெளியிடும் விளக்க அறிக்கைக்கும் அதே பெயர். எனக்கு அந்த இரண்டாவது அர்த்தம் பிடிக்கும். வளையத்தைத் திருப்பும்போது உண்மையிலேயே ஒரு மறுப்பு அறிக்கை எழுதுகிற மாதிரிதான் இருக்கிறது: இது இல்லை, இதுவும் இல்லை, ஆ, இதுதான்.

பிரெஞ்சுக்காரர் என்றதும் ஆன்ஷெனியூ நினைவுக்கு வருகிறார். எகிறும் கண்ணாடிக்கு இடம் விட்டால் அகல லென்ஸ் பொருத்த முடியாது என்றிருந்த காலத்தில், 1950-ல் 'ரெட்ரோஃபோகஸ்' என்ற லென்ஸைக் கொண்டுவந்து வழி காட்டியவர். நம் ஹீலியோஸின் பூர்வீகம் ஜெர்மனி. ஜெய்ஸ் கம்பெனிக்காக 1927-ல் வில்லி மெர்ட்டே கணக்குப் போட்ட பயோட்டார்தான், யுத்தத்துக்குப் பிறகு சோவியத் நாட்டில் ஹீலியோஸ் ஆனது. காசிமேட்டில் கிழவர் ஒருவரின் முகத்தை இதில் எடுக்கும்போது, பெர்லின் விழுந்ததற்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைத்துக்கொள்வேன். ஓய்வூதியக்காரனுக்கு இப்படியெல்லாம் நினைக்க நேரம் இருக்கிறது.

"கண்ணே சரியில்லாத உமக்கு எதற்கய்யா கையால் போகஸ்?" என்று நடைப்பயிற்சி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது. அது தூரத்துக்கு மட்டும் தெளிவாக வைத்த ஒரே போகஸ் லென்ஸ். திருப்ப வளையம் கிடையாது. ஆனால் புதுக் கேமராவின் வியூபைண்டர் ஒரு குட்டித் திரை. பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நம் பார்வைக்கு ஏற்பத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். போகஸ் விழுந்த விளிம்பில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். போதாவிட்டால் கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அத்தானுக்கு மங்கலான ஜெனித் கண்ணாடியில் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகவே தெரிகிறது. கிழவர்களுக்கு இது ஆகாது என்பவர்கள் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இந்த லென்ஸைப் பற்றி இளைஞர்கள் பாடும் புகழில் பாதி வெறும் பேச்சு. பின்னால் இருக்கும் இலைகள் சுழல் மாதிரி தெரிகிறது என்பதற்காக ஏழாயிரம் எட்டாயிரம் கொடுத்து வாங்குகிறார்கள். எதிர்வெயிலில் படம் வெளுப்பதை 'குணம்' என்கிறார்கள். அது குறைதான், எனக்கும் தெரியும், ஹீலியோஸுக்கும் தெரியும். விலை கொடுத்து இதை வாங்காதீர்கள் என்பதே என் கட்சி. வீட்டில் இருந்தால் விடாதீர்கள், அவ்வளவுதான்.

எங்கே இது உதவாது என்பதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன வைகாசியில் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். தாலி கட்டும் படத்தைத் தாத்தாவின் லென்ஸில்தான் எடுப்பேன் என்று அடம் பிடித்து மணமேடைக்கு ஏறிவிட்டேன். மண்டபத்து வெளிச்சம் குறைவு என்று துளையை முழுக்க, எஃப் 2-க்குத் திறந்தேன். அதில் இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண்கூட இல்லை. கெட்டிமேளம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை குனிந்தார், பெண்ணும் குனிந்தாள், யாரோ அட்சதையை என் தலையிலேயே போட்டார்கள். நான் வளையத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. என் படத்தில் துல்லியமாக இருப்பது பின்னால் நின்ற நாதஸ்வரக்காரரின் பித்தான். கூலிக்கு வந்த பையன் தானியங்கி போகஸில் பதினைந்து படம் எடுத்திருந்தான், எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவனை 'பட்டன் அமுக்குகிறவன்' என்று முதல் நாள் கேலி செய்தவன் நான்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் இல்லாத கல்யாணத்தில் அவர் லென்ஸாவது இருக்கட்டும் என்று நினைத்தது இப்படி ஆகிவிட்டதே. காலையில் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "போடா தம்பி, உங்க அத்தான் மட்டும் என்னத்தக் கிழிச்சார்? எந்தப் படத்துல என் தலை முழுசா இருக்கு, காட்டு பாக்கலாம்" என்றாள்.

முற்றத்துத் திண்ணையில் அப்போது இளவெயில் சாய்ந்து விழுந்திருந்தது. பேத்தியை அழைத்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். புது மஞ்சள் கயிற்றை அக்கா சேலைக்குள் சரிசெய்துவிட்டாள். எஃப் 4-க்கு மூடினேன். அவசரம் இல்லை. அக்காவின் கண்ணுக்குப் போகஸ் வைத்தேன், அசைந்தாள், மறுபடி வைத்தேன். "இன்னும் எத்தனை நேரம்டா?" என்று அவள் வாயைத் திறந்தபோது அழுத்திவிட்டேன்.

எடுத்த படம், தேதி, துளை அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பதிந்து வைக்கிறேன், ஏனென்றால் பழைய லென்ஸ் எஃப் எண்ணைக் கேமராவுக்குச் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தில் 'அக்கா, பேத்தி, எஃப் 4, காலை 7.20' என்று இருக்கிறது. பிரிண்டை அக்கா ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் தன் தலை முழுசாக வந்திருப்பதைக் காட்டுகிறாள்.

லென்ஸை இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். தோல் உறை தனியாக, வெளியே. உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ ஏதாவது கிடந்தால், இன்று ராத்திரி எடுத்து, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். வலை தெரிந்தால் நீங்களே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பிரிக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். யாரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், என் மெக்கானிக்கைக் கேட்டுச் சொல்கிறேன்.