அட்டைக்கு உப்பு, உண்ணிக்கு என்ன?

அட்டைக் கடிக்கு மலையகத்தில் ஆளுக்கொரு வைத்தியம் இருக்கிறது. உப்பு, சவர்க்காரம், தேசிக்காய், புகையிலைத் தண்ணி, வெத்தலை எச்சில் என்று பட்டியல் நீளும். உண்ணியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது நாய்க்கும் மாட்டுக்கும் வாறதுதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த ஒரு வரியோடுதான் சண்டை.

இதை இப்போது எழுதக் காரணம் கேமரா. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிற நம்ம றொசல்லயிலிருந்து சிங்கமலைக் காடு வரைக்கும், அந்தப் பக்கம் சிவனொளிபாத மலை அடிவாரம் வரைக்கும், லீவு நாளில் கேமராவோடு ஏறுகிற பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பழைய கேமராவை வாங்கி ஒருத்தர் மாறி ஒருத்தர் பாவிக்கிறது, போன் லென்ஸில் பூச்சி எடுக்கிறது, மரையும் காட்டுப்பன்றியும் இறங்குகிற ஓடைக்கரையில் மணிக்கணக்காகக் குந்தியிருக்கிறது. சந்தோஷமான விஷயம். நூறு வருசத்துக்கு மேலாக நம்ம மலைகளைப் படம் பிடித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். படத்தில் கூடையோடு நிற்கிற ஆளாகத்தான் நாங்கள் இருந்தோம். இப்போது பொத்தானில் விரல் வைக்கிறது நாங்கள்.

ஆனால் காட்டுக்குள் போகிறவருக்கு இணையத்தில் கிடைக்கிற அறிவுரை முழுக்க வேறு ஊருக்கானது. உண்ணி என்று தேடினால் லைம் நோய், தோலில் வட்டம் வட்டமாகச் சிவப்பு, அமெரிக்கக் காடு, ஐரோப்பியக் காடு என்றுதான் வரும். அதை வாசித்துவிட்டு, வட்டம் வரவில்லை, பயமில்லை என்று இருந்துவிட முடியாது. நம்ம மலையில் உண்ணி கொண்டுவருகிற காய்ச்சல் வேறு.

அதற்கு முதல் உண்ணி எப்படி ஆளைப் பிடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அது படம் எடுக்கிறவருக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட பொறி மாதிரி இருக்கிறது. உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியிலோ செடி ஓரத்திலோ ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் விரித்து வைத்துக் காத்திருக்கும். அந்த முன்னங்கால் நுனியில் இருக்கிற ஒரு சின்னக் குழிதான் அதற்கு மூக்கு. நாங்கள் விடுகிற மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு, உடம்புச் சூடு, வியர்வை நாத்தம் எல்லாம் அதற்குத் தெரியும். மிருகங்கள் நடக்கிற தடத்தில்தான் உண்ணி அதிகம். நல்ல படம் கிடைக்கிறதும் அதே தடத்தில்தான். அங்கே ஒரே இடத்தில், வயிறு தரையில் பட, அசையாமல், மூச்சு விட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் படுத்திருக்கிற ஆளை விட உண்ணிக்கு வேறு என்ன வேண்டும்?

அட்டை வயிறு நிறைஞ்சால் அரை மணியோ ஒரு மணியோ கழித்துத் தானே விழுந்துவிடும். ரத்தம் வழிகிறதால் ஆளுக்கும் தெரிந்துவிடும். உண்ணி அப்படியில்லை. கடிக்கிறது தெரியாது, ரத்தம் வழியாது, நாள் கணக்கில் ஒட்டிக்கிடக்கும். குஞ்சு உண்ணி குண்டூசித் தலை அளவுதான், அதற்கு ஆறு கால். அதற்குப் பிறகுதான் எட்டுக் கால். அக்குள், இடுப்புப் பட்டி, தொப்புள், முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று நாங்கள் பார்க்காத இடமாகப் பார்த்துப் போகும். காதுக்குள்ளேயே போய்விடுகிறதும் உண்டு. இலங்கை ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இது புதிசில்லை. அப்படி ஆனால் ஊக்கு, தீக்குச்சி என்று எதையும் விட்டுக் கிண்ட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இங்கேதான் அட்டை வைத்தியம் நம்மைக் கெடுக்கிறது. உப்பு போட்டால் அட்டை சுருண்டு விழும். அதே பழக்கத்தில் உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊத்துகிறார்கள், நெருப்புக்குச்சியால் சுடுகிறார்கள், தைலம் தடவுகிறார்கள். உண்ணி தன் வாயைத் தோலுக்குள் நட்டு வைத்திருக்கிறது. சுட்டாலும் ஊத்தினாலும் உடனே விட்டுவிடாது. அந்த எரிச்சலில் உள்ளே இருக்கிறதைக் கடிவாயிலேயே கக்கக்கூடும். நோய்க் கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்துதான் வரும். சரியான வழி ரொம்பச் சாதாரணமானது: நுனி மெலிந்த சாவணத்தால், தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பக்கமாகப் பிடித்து, முறுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வாய்த்துண்டு உள்ளே மாட்டிக்கொண்டு லேசில் வரவில்லை என்றால் தோண்டிப் புண்ணாக்க வேண்டாம், விட்டுவிடலாம். எடுத்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்குகிறது நம்ம ஆட்களுக்கு ஒரு தனி இன்பம். அதை மட்டும் விட்டுவிடுங்கள், ஒட்டுப்பட்டியில் ஒட்டி வையுங்கள். மேக்ரோ லென்ஸ் கையில் இருக்கிறதே, பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டொக்டரிடம் காட்ட உதவும்.

காய்ச்சல் விஷயத்துக்கு வருவோம். உண்ணி கடித்து ஒரு கிழமை, பத்து நாள், சில நேரம் இரண்டு கிழமை கழித்துக் காய்ச்சல் அடிக்கும். தலை வெடிக்கிற மாதிரி வலி, உடம்பு முறிக்கிற நோவு. பிறகு தோலில் சிவப்புப் புள்ளிகள் வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட. எல்லாருக்கும் புள்ளி வரும் என்றும் இல்லை. இது ரிக்கெட்சியா என்ற கிருமிகள் தருகிற புள்ளிக் காய்ச்சல். ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கர் 1906இல் தங்கள் மலைப் பிரதேசத்துப் புள்ளிக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று காட்டினார். 1910இல் மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அதே காய்ச்சலில் செத்துப்போனார். கிருமிக்கு அவர் பெயர்தான். நம்ம பக்கம் பேராதனை ஆராய்ச்சியாளர்கள் மத்திய மாகாண மலைப்பகுதி நோயாளிகளைப் பரிசோதித்து 2003இல் எழுதிய கட்டுரை, இந்த வகைக் காய்ச்சல் இங்கே தலையெடுத்திருப்பதைச் சொன்னது. இருபது வருசம் தாண்டிவிட்டது. இன்னும் நம்ம லயத்தில் இதற்கு ஒரு பெயர் கிடையாது. டெங்கு தெரியும், எலிக்காய்ச்சல் தெரியும், மிச்சமெல்லாம் "வைரஸ் காய்ச்சல்".

பெயர் தெரியாததால் என்ன நட்டம்? நட்டம் பெரிசு. இந்தக் காய்ச்சலுக்கு டொக்ஸிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மருந்து நன்றாகக் கேட்கும். வழக்கமாகக் கொடுக்கிற அமொக்ஸிசிலின் மாதிரி மருந்துகள் கேட்காது. எந்த மருந்து என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்கச் சொல்லவில்லை. ஆனால் டொக்டருக்கு அந்தப் பக்கம் யோசனை போக வேண்டுமென்றால், "பத்து நாளைக்கு முந்தி காட்டுக்குப் போனேன், உண்ணி கடிச்சுது" என்று நாங்கள் சொல்ல வேண்டும். வரிசையில் நின்று, இரண்டு நிமிசத்தில் துண்டு எழுதி வாங்குகிற இடத்தில், கேட்டால் சொல்லலாம் என்று இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

உண்ணியைச் சின்ன விஷயம் என்று சிரிக்கிறவர்களுக்குக் கூடலூரை ஞாபகப்படுத்துகிறோம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்ம சொந்தங்களைக் கப்பலேற்றி, நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினார்கள் இல்லையா, அந்த மலைத்தொடரில் குரங்குக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. 1957இல் கர்நாடகாவின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்தது. பரப்புகிறது உண்ணி. ரொம்பக் காலம் அந்த ஒரு பக்கத்தோடு இருந்தது, 2012க்குப் பிறகு பந்திப்பூர், முதுமலை, வயநாடு என்று தெற்கே இறங்கிவிட்டது. அங்கேயும் காய்ச்சலில் விழுகிறவர்கள் விறகு பொறுக்கப் போகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள்.

இந்த இடத்தில் எங்கள் கூட்டத்துக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் உண்டு. சிலர், இது படம் எடுக்கிறவர்களின் ஆரோக்கியக் குறிப்பு, அதோடு நிறுத்தலாம் என்கிறார்கள். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அது சரிப்படவில்லை. நாங்கள் மாதத்தில் இரண்டு நாள் புல்லுக்குள் போகிறோம். எங்கள் அம்மா, சித்தி, அத்தைமார் ஒவ்வொரு நாளும் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு அதே புல்லுக்குள் நிற்கிறார்கள். கவனிப்பாரில்லாமல் காடாகிப்போன மலைகள் எத்தனை? கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்குத் திரும்ப விட்டார்கள். தடை இருந்தாலும் எடுத்தாலும், ஆள் போட்டுப் புல் வெட்டாத மலையில் புல் இடுப்பளவுதான். அந்தப் புல்லுக்குள் பன்றி படுக்கிறது, பன்றியோடு உண்ணியும் வருகிறது. குளவி கொட்டினால் பத்திரிகையில் வரும், ஏனென்றால் அன்றைக்கே ஆள் விழுவார். உண்ணி கடித்துப் பத்து நாள் கழித்து வருகிற காய்ச்சலை மலையோடு சேர்த்து யாரும் கணக்கெழுதுவதில்லை. "காய்ச்சல், பேர் போடல" என்று சம்பளத்தில் குறைகிறதோடு சரி. வேலையிடத்தில் வருகிற நோய் இது என்பதுதான் எங்கள் கட்சி. கணுக்கால் மூடுகிற சப்பாத்தும் நீள மேசும் உல்லாசப் பயணிக்கு மட்டும் உரிய உடுப்பாக இருக்கக் கூடாது.

உடனே "அப்ப காட்டை எரிச்சுப் போடு, பன்றியைச் சுடு" என்று ஒரு குரல் வரும். வேண்டாம். உண்ணி காட்டில் மட்டும் இல்லை. லயத்து வாசலில் படுத்திருக்கிற நாயிலும் இருக்கிறது, மாட்டுப்பட்டியிலும் இருக்கிறது. நாய்க்கு மருந்து போடுகிறதும், லயத்துப் பின்பக்கப் புல்லை வெட்டுகிறதும்தான் முதல் வேலை.

கேமரா பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம். பறவை பயப்படும் என்று கடும்பச்சை, கறுப்பு உடுப்புப் போடுகிறோம். அதில் உண்ணி ஊர்ந்தால் தெரியாது. வெளிறிய காக்கி நிறம் இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானம். களுசானை மேசுக்குள் செருகுங்கள், ஸ்டைல் போனால் போகட்டும். டீட் கலந்த பூச்சித் தைலம் உண்ணிக்கு வேலை செய்யும், ஆனால் அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசின கையோடு கேமராவைப் பிடித்தால் பிடிமானத்து ரப்பரும் லென்ஸ் மூடியும் பிசுபிசுத்துப் போகும். புறங்கையால் பூசுங்கள், உள்ளங்கையைத் துடைத்துவிட்டுத்தான் கேமராவைத் தொட வேண்டும். பையைப் புல்லில் வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையையும் உடுப்பையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் தம்பி தங்கச்சி பாய் விரித்துப் படுக்கிற இடம் அது. உடுப்பைக் கொதிதண்ணியில் போட்டுவிட்டு, குளிக்கும்போதே உடம்பைத் தடவிப் பாருங்கள். முதுகையும் தலையையும் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். பேன் பார்க்கிற அம்மாச்சிமார்கள் இதில் கைதேர்ந்தவர்கள், கண்ணாடியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும். போய்வந்த திகதியைப் போனில் குறித்து வையுங்கள். இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் திகதியைத்தான் டொக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் நடைக்கு வருகிறவர்கள் லென்ஸ் துடைக்கிற துணியோடு ஒரு சாவணத்தையும் கொண்டுவர வேண்டும். இரண்டாவது ஒன்று வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், அது மலைக்குப் போகிற அம்மாவின் கொழுந்துப் பைக்கு.